ஒரு பொத்தான், இரண்டாவது யன்னல்

உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் நாம் எழுதும் பைதன் செய்நிரல்கள் பெரும்பாலும் ஒரு கேள்வியைக் கேட்டு, ஒரு விடையை அச்சிட்டு முடிந்துவிடும். கடையிலும் வங்கியிலும் மருந்தகத்திலும் நாம் காணும் செய்நிரல்கள் அப்படியல்ல. அங்கே ஒரு பொத்தானை அழுத்தினால் இன்னொரு யன்னல் திறக்கிறது. அதில் விபரங்களை நிரப்பிச் சேமித்தால் முதல் யன்னலில் உள்ள கணக்கு மாறுகிறது. இலகுவாகத் தோன்றும் இந்த வேலைக்குள் நடப்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பாடநூல் 'சாளரம்' என்று சொல்வதை நாம் பேசுவதுபோல 'யன்னல்' என்றே எழுதுகிறேன்.

ஒரு பாடசாலை நூலகத்தை எடுத்துக்கொள்வோம். முதல் யன்னலில் நூல்களின் பட்டியலும் 'இரவல் கொடு' என்ற பொத்தானும் உள்ளன. பொத்தானை அழுத்தினால் மாணவியின் பெயரையும் சேர்விலக்கத்தையும் கேட்கும் இரண்டாவது யன்னல் திறக்க வேண்டும்.

இதற்குப் பைதனுடன் சேர்ந்தே வரும் டிகின்டர் போதும். பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஜோன் அவுஸ்டர்ஹவுட் 1988 இல் டிசிஎல் என்ற மொழியை உருவாக்கினார். பின்னர் அதற்கு யன்னல் வரையும் கருவியாக டீகேயை அமைத்தார். டிகின்டர் என்பது பைதனிலிருந்து அந்த டீகேயை இயக்கும் பாலம் ஆகும். பைதன் 3 இல் சார்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதும் நமக்கு வசதி. நமது சார்புக்கு 'இரவல்_யன்னல்' என்று பெயரிடுவோம்.

முதலாவது விடயம், பொத்தானுக்கு எதைக் கொடுக்கிறோம் என்பது. பொத்தானை உருவாக்கும்போது 'கமாண்ட்' என்ற இடத்தில் சார்பின் பெயரை மட்டும் எழுத வேண்டும். பின்னால் அடைப்புக்குறி போடக்கூடாது. ஒருவரிடம் தொலைபேசி இலக்கத்தைக் கொடுப்பது வேறு, அந்த இலக்கத்துக்கு இப்போதே அழைப்பது வேறு. அடைப்புக்குறி போட்டால் அழைத்துவிட்டோம் என்று பொருள். செய்நிரல் தொடங்கியதுமே, யாரும் அழுத்தாமலே, இரண்டாவது யன்னல் திறந்துவிடும். பிறகு பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது.

இரண்டாவது விடயமே மிக முக்கியமானது. முதல் யன்னலை 'டீகே' என்று எழுதித் திறந்தோம். அதனால் இரண்டாவதையும் அப்படியே எழுதலாம் என்று தோன்றும். எழுதினால் யன்னல் திறக்கத்தான் செய்யும். ஆனால் அது வேறு வீடு. எங்கள் பக்கத்தில் ஒரே வளவுக்குள் உம்மாவின் வீடும் மகளின் வீடும் அடுத்தடுத்து இருக்கும். நடுவில் வேலி இல்லாவிட்டாலும் அடுப்பு வேறு, சாமான் வேறு. ஒவ்வொரு 'டீகே'யும் தனக்கென ஒரு டிசிஎல் இயக்கியை வைத்துக்கொண்டு அப்படித்தான் குடியிருக்கிறது. முதல் வீட்டுக்குரிய எழுத்து மாறியை இரண்டாவது வீட்டின் பெட்டியோடு இணைத்தால், மாணவியின் பெயரைத் தட்டச்சுச் செய்து சேமித்தாலும் அந்த மாறி வெறுமையாகவே இருக்கும். நூல் வெளியே போய்விடும், பதிவில் பெயர் இருக்காது. முதல் யன்னலை மூடினாலும் மற்றது திறந்தே கிடக்கும்.

நமக்குத் தேவை அதே வீட்டில் இன்னோர் அறை. அதற்கான சொல் 'டொப்லெவல்'. அதன் அடைப்புக்குறிக்குள் முதல் யன்னலின் பெயரைக் கொடுத்தால் இரண்டாவது யன்னல் அதன் பிள்ளையாகிறது. மாறிகளையும் படங்களையும் இரண்டும் பொதுவாகப் பயன்படுத்தும். தாய் யன்னலை மூடினால் பிள்ளையும் மூடும்.

மூன்றாவது விடயம், பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் என்னவாகும் என்பது. ஒரே நூலுக்கு இரண்டு இரவல் யன்னல்கள் திறக்கும். ஒன்றில் ஒரு மாணவியின் பெயர் பாதியில் நிற்கும். மற்றதில் இன்னொருத்தியின் பெயர் சேமிக்கப்படும். பின்னால் மறைந்திருந்த முதலாவதையும் யாராவது சேமித்தால், எடுக்காத நூலுக்கு ஒரு பிள்ளை பதில் சொல்ல வேண்டிவரும். பதிவேடு என்பது ஒருவர்மேல் சாட்சி சொல்வது, அது பிழையாகச் சொல்லக்கூடாது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, திறந்த யன்னலை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, அது இன்னும் இருக்கிறதா என்று 'வின்ஃபோ எக்சிஸ்ட்ஸ்' மூலம் கேட்பது. இருந்தால் புதிதாகத் திறக்காமல் 'லிஃப்ட்' என்று சொல்லி முன்னால் கொண்டுவரலாம். மற்றது 'கிராப் செட்'. இதை எழுதினால் இரண்டாவது யன்னலை மூடும்வரை முதல் யன்னலின் பொத்தான்கள் அசையமாட்டா. 1924 இல் திறக்கப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள்தான் போகலாம், எதிர்ப்பக்கத்தார் காத்திருக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 'கிராப் செட்' அந்தப் பாலம். 2013 இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் இரு பக்கத்தாரும் ஒரே நேரத்தில் போகிறார்கள். 'கிராப் செட்' இல்லாத யன்னல்கள் அப்படிப்பட்டவை. நூல் விபரத்தைப் பார்வையிட மட்டும் திறக்கும் யன்னலுக்குப் புதிய பாலம் நல்லது. இரவல் எழுதும் யன்னலுக்குப் பழைய பாலமே பாதுகாப்பு.

ஆகவே தோழியரே, செய்நிரலை ஒருவரிடம் ஒப்படைக்குமுன் மூன்றைச் சோதியுங்கள். பொத்தானைத் தொடாமல் சற்றுக் காத்திருங்கள், எதுவும் தானாகத் திறக்கக்கூடாது. பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள், ஒரே யன்னல்தான் இருக்க வேண்டும். ஒரு பெயரைச் சேமித்து முதல் யன்னலைப் பாருங்கள், அந்தப் பெயர் அங்கே வந்திருக்க வேண்டும். மூன்றும் சரியானால் நூலகப் பொறுப்பாளர் உங்கள் செய்நிரலை நம்பிப் பயன்படுத்தலாம்.