நடைபாதையிலிருந்து வளாகத்துக்கு: தில்லி ஞாயிறு புத்தகச் சந்தை இடம் மாறியது ஏன்?

தில்லி தரியாகஞ்சில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கூடும் பழைய புத்தகச் சந்தை, பல பத்தாண்டுகளாக நேதாஜி சுபாஷ் மார்க் நடைபாதையில் இயங்கி வந்தது. அன்று மூடிக்கிடக்கும் கடைகளின் வாசல்களே வியாபாரிகளுக்கு இடமளித்தன. நாவல்கள் முதல் போட்டித் தேர்வு நூல்கள் வரை குறைந்த விலைக்குக் கிடைக்கும். சிலர் எடைபோட்டும் விற்பர்.

போக்குவரத்து நெரிசலைக் கருத்தில் கொண்டு, 2019 ஜூலையில் தில்லி உயர்நீதிமன்றம் அங்கு சந்தை கூடுவதற்குத் தடை விதித்தது. வியாபாரிகள் போராடியதை அடுத்து, அதே ஆண்டு செப்டம்பரில் ஆசஃப் அலி சாலையிலுள்ள மகிளா ஹாட் வளாகத்தில் மாற்றிடம் வழங்கப்பட்டது.

நடைபாதையில் வழிப்போக்கர்களும் நின்று வாங்குவர். சுற்றுச்சுவருக்குள் தேடி வரும் வாசகர்களே வியாபாரிகளின் வாழ்வாதாரம்.