சமயத்தைப் படித்தவர்கள் - 11: தலைமடைக்காரர் ஏன் தண்ணீர் விட்டார்?

எமில் டர்கைம் ஆஸ்திரேலியாவுக்குப் போனதே இல்லை. அந்த நாட்டுப் பழங்குடிகளின் சடங்குகளை வைத்து, சமயம் ஒரு கூட்டத்தை எப்படிக் கட்டிவைக்கிறது என்று 1912இல் அவர் எழுதிய நூலைச் சென்ற வாரம் பார்த்தோம். பிறர் எழுதிய குறிப்புகளைப் படித்தே அந்த முடிவுகளுக்கு வந்தார். இந்த வாரம் வருபவர் சேற்றில் இறங்கியவர். அமெரிக்க மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங். இடம், இந்தோனேசியாவின் பாலித் தீவு.

மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக நெல்வயல். தண்ணீர் வயலுக்குள் நுழையும் வாய்மடை ஓரத்தில் ஒரு சின்னப் படையல் மேடை. குருத்தோலையில் முடைந்த தட்டில் பூவும் கொஞ்சம் சோறும். நடவிலிருந்து அறுவடை வரை பயிரின் ஒவ்வொரு கட்டத்திலும் அங்கே படையல் உண்டு. வாய்க்கால் பிரியும் இடத்தில் ஒரு கோயில். ஆற்றை மறித்த அணைக்கட்டில் இன்னொன்று. இப்படியே ஏறிப்போனால், பாத்தூர் எரிமலையின் விளிம்பில் உலுன் டானு பாத்தூர் கோயில். கீழே தெரியும் ஏரியின் தெய்வம் தேவி டானு. ஓடிவரும் தண்ணீர் எல்லாம் அவள் கொடுத்தது. 1926இல் எரிமலைக் குழம்பு பழைய கோயிலையும் ஊரையும் மூடிவிட்டது. மக்கள் மலைவிளிம்பில் மறுபடி கட்டிக்கொண்டார்கள்.

ஒரே வாய்க்காலில் பாசனம் பெறும் உழவர்களின் சங்கத்துக்கு சுபாக் என்று பெயர். 11ஆம் நூற்றாண்டுச் சாசனங்களிலேயே அந்தப் பெயரின் வேர் இருக்கிறது. பல சுபாக்குகள் ஒரு கோயிலில் கூடி, இந்தப் பருவம் யார் எப்போது நடுவது, யார் எப்போது வயலைச் சும்மா போடுவது என்று பேசி முடிப்பார்கள். 210 நாள் கொண்ட சடங்கு நாட்காட்டி ஒன்று அதற்கு உண்டு. வெளியிலிருந்து வந்த அதிகாரிகள் வாய்க்காலைப் பாசனம் என்றும் கோயிலைச் சமயம் என்றும் இரண்டு கோப்புகளாகப் பிரித்துவைத்தார்கள். அந்தப் பிரிப்பில்தான் பெரிய தவறு நடந்தது என்று நினைக்கிறேன்.

1970களில் பசுமைப் புரட்சி வந்தது. புது ரக விதை, உரம், பூச்சிமருந்து எல்லாம் கடனில் கிடைத்தன. கோயில் முறையை விட்டுவிட்டு, முடிந்தபோதெல்லாம் நடுங்கள் என்று சொன்னது அரசு. முதலில் விளைச்சல் கூடியது. அப்புறம் புகையான் பூச்சி வந்தது. அதைத் தாங்கும் ரகத்தைக் கொண்டுவந்தார்கள்; அந்த ரகத்தைத் துங்ரோ நச்சுயிரி தாக்கியது. எப்போதும் எங்காவது ஒரு வயலில் பச்சைப் பயிர் நின்றதால் பூச்சிக்குச் சாப்பாடு தீரவே இல்லை. தண்ணீர் முறையும் குலைந்தது. 1979இல் ஆசிய வளர்ச்சி வங்கியின் பணத்தில் புது அணைகளும் மதகுகளும் கட்டும் திட்டம் தொடங்கியது. கோயில் முறைக்குத் திரும்பவேண்டும் என்று உழவர்கள் கேட்டதைப் பழைமைப் பிடிப்பு என்று பொறியாளர்கள் ஒதுக்கினார்கள்.

லான்சிங் அந்த உழவர்களை நம்பினார். நம்பியதோடு நிற்காமல் சோதித்தும் பார்த்தார். சூழலியலாளர் ஜேம்ஸ் க்ரெமரோடு சேர்ந்து ஊஸ், பெத்தானு என்ற இரண்டு ஆறுகளையும் அவற்றில் பாயும் 172 சுபாக்குகளையும் கணினியில் மாதிரியாக அமைத்தார். சுபாக்குகள் தனித்தனியாக நடவு நாள் குறித்தால் பூச்சி பெருகுகிறது. எல்லாரும் ஒரே நாளில் நட்டால் பூச்சி ஒழியும். ஆனால் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் வேண்டும், ஆறு தாங்காது. விளைச்சல் உச்சத்தைத் தொட்டது இரண்டுக்கும் நடுவில். பக்கத்துப் பக்கத்து சுபாக்குகள் குழுவாகச் சேர்ந்து நடும் அந்த அளவு, கோயில் முறை வைத்திருந்த அளவுக்கு நெருக்கமாக இருந்தது. ஆசிய வளர்ச்சி வங்கியின் 1988 மதிப்பீட்டு அறிக்கையும் கோயில் முறையின் பயனை ஒப்புக்கொண்டது.

எனக்கு இதில் மிகப் பிடித்தது தலைமடைக்காரரின் கணக்கு. மடை அவர் பக்கம். வேண்டிய அளவுக்குத் தண்ணீரை மடக்கிக்கொள்ளலாம், கடைமடைக்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. ஏன் விடுகிறார்? உழவர்களிடம் லான்சிங் கேட்டார்: பூச்சியா, தண்ணீர்ப் பஞ்சமா, எது பெரிய கவலை? கடைமடையில் பெரும்பாலோர் தண்ணீர் என்றார்கள். தலைமடையில் பூச்சி என்றார்கள். தண்ணீர் கிடைக்காத கடைமடைக்காரர் பிந்தி நட்டால், அவர் வயலில் பெருகும் பூச்சி மேலே ஏறிவரும். தண்ணீரைப் பகிர்ந்தால் அந்தக் குழுவில் இருப்பவர்கள் ஒன்றாக நட்டு ஒன்றாக அறுக்கலாம். அறுத்த வயலில் தண்ணீர் நிற்கும், வாத்துகள் மேயும், பூச்சி பட்டினி கிடக்கும்.

அப்படியானால் தெய்வம் எதற்கு, கணக்கே போதாதா என்று கேட்கலாம். போதாது என்பேன். கணக்கு எல்லாருக்கும் தெரிந்தாலும், மழை பொய்த்த வருஷத்தில் அண்ணன் தம்பியே மடையை உடைப்பார்கள். ஆனால் இங்கே தண்ணீர் விடுவது வெறும் கணக்கு இல்லை; ஏரியிலிருந்து வந்த ஒரே தீர்த்தத்தைப் பங்கிட்டுக் கொண்டுபோனவர்கள் தேவி டானு முன்னால் கொடுத்த வாக்கு. பாசனத்தில் மன்னர்களுக்கு இருந்த பங்கை லான்சிங் குறைத்துச் சொல்கிறார் என்று ப்ரிகிட்டா ஹவுஸர்-ஷாய்ப்லின் போன்ற ஆய்வாளர்கள் மறுத்திருக்கிறார்கள். அந்த விவாதம் நியாயமானது. ஆனால் சேற்றில் நடக்கும் இந்தப் பங்கீட்டை அது பொய்யாக்கவில்லை.

பின்னாளில் லான்சிங்கும் உடன் உழைத்தவர்களும் தண்ணீரையே ஆராய்ந்தார்கள். எரிமலைப் பாறையில் கரைந்த பாஸ்பேட்டும் பொட்டாசியமும் ஆற்று நீரோடு வயலுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. கடனில் வாங்கி மேலே இட்ட உரத்தில் பெரும்பகுதி வழிந்து கடலுக்குப் போகிறது.

2012இல் யுனெஸ்கோ சுபாக் நிலங்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதே தீவில் விடுதிகளுக்காக வயல்கள் விற்பனைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஒரு வயல் போனால் அதன் வாய்மடைப் படையலும் நிற்கிறது. அடுத்த பருவத்துக்கு நாள் குறிக்கக் கோயிலில் கூடும்போது, அந்த வாய்க்காலுக்காகப் பேச ஓர் ஆள் குறைகிறார்.

(தொடரும்)