கான்டெஸாவுக்கு ‘கட் அவுட்’ வைக்கலாமா? மாயவரம் பட்டறையில் ஒரு பகல்!

மயிலாடுதுறையில் என் சித்தப்பா வீட்டு வாசலில் ஒரு கான்டெஸா நிற்கிறது. 1994 மாடல், வெள்ளை நிறம், பெட்ரோல் வண்டி. மூன்றாவது கையாக அவரிடம் வந்து சேர்ந்தது. சித்தப்பாவுக்கு அது வெறும் கார் இல்லை. கல்யாணம், காதுகுத்து, ஐப்பசி கடைமுழுக்கு என்று குடும்பத்தின் எல்லா நல்ல நாள்களிலும் அதுதான் முன்னால் போகும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா மகன் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். அமெரிக்காவில் யாரோ ஒருவர் பழைய மஸில் காரின் அடியில் ஒரு பட்டனால் இயங்கும் மூடியைப் பொருத்தியிருந்தார். பட்டனை அழுத்தியதும் சைலன்ஸர் வழியே போன புகை, பாதியிலேயே வெளியே பாய்ந்தது. சத்தம் என்றால் சத்தம், அப்படி ஒரு சத்தம்!

“இதுக்குப் பேரு எக்ஸாஸ்ட் கட் அவுட்க்கா. நம்ம கான்டெஸாவுக்கும் போடப்போறேன். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே” என்றான் தம்பி.

சொல்லவில்லை. ஆனால், அவனோடு பட்டறைக்குப் போனேன்.

கட் அவுட் என்றால் என்ன?

இன்ஜினில் எரிந்து முடிந்த புகை மேனிஃபோல்டு வழியாக இறங்கி, காரின் அடியில் ஓடும் நீளமான குழாயில் பயணித்து, சைலன்ஸருக்குள் நுழைந்து, பின்பக்கமாக வெளியேறும். சைலன்ஸருக்குள் தனித்தனி அறைகளும், துளையிட்ட குழாய்களும் இருக்கும். ஒலி அலைகள் அங்கே மோதி, திரும்பி, ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பலம் இழக்கும். நம் காதுக்கு வருவது மிச்சம் மீதிதான்.

கட் அவுட் என்பது சைலன்ஸருக்கு முன்பே வெட்டப்படும் ஒரு குறுக்குவழி. ஓடும் குழாயில் ஆங்கில ‘ஒய்’ எழுத்துபோல ஒரு கிளைக் குழாயை வெல்டிங் செய்வார்கள். அதன் வாயில் ஒரு மூடி. போல்ட் போட்டுக் கையால் கழற்றும் மூடி பழைய முறை. கேபிளை இழுத்துத் திறப்பது அடுத்தது. சின்ன மோட்டாரும் வால்வும் வைத்து, சீட்டில் உட்கார்ந்தபடியே பட்டனில் திறப்பது இன்றைய முறை.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. மோட்டார் கார் பிறந்த காலத்தில், அதாவது 1900-களின் தொடக்கத்திலேயே பல கார்களில் காலால் மிதித்துத் திறக்கும் கட் அவுட் இருந்தது. மேடு ஏறும்போது சைலன்ஸரின் தடையைத் தவிர்த்தால் இன்ஜின் கொஞ்சம் மூச்சு விடும் என்பது அன்றைய கணக்கு. குதிரைகள் மிரண்டன, தெருவாசிகள் திட்டினார்கள். பல ஊர்கள் அதற்குத் தடை போட்டன. பிறகு 1960-களில் அமெரிக்காவில் மஸில் கார்கள் வந்தபோது, நேர்கோட்டுப் பந்தயத் தடத்துக்காகக் கட் அவுட் மறுபடி உயிர்பெற்றது. வார நாள்களில் மூடி போட்டு ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை மூடியைக் கழற்றிப் பந்தயம்.

கான்டெஸா மஸில் காரா?

நம் ஊர் ரசிகர்கள் கான்டெஸாவை ‘இந்தியாவின் மஸில் கார்’ என்று கொண்டாடுகிறார்கள். நீளமான மூக்கும் அகலமான உடம்பும் அப்படிச் சொல்ல வைக்கின்றன. ஆனால், அதன் பூர்வீகம் அமெரிக்கா இல்லை, இங்கிலாந்து. வாக்ஸால் நிறுவனத்தின் விக்டர் காரை அடிப்படையாக வைத்து இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் இதைக் கொண்டுவந்தது. முதலில் வந்த வண்டிகளில் அம்பாசடர் வழிவந்த 1489 சி.சி. இன்ஜின்தான். அவ்வளவு பெரிய உடம்புக்கு ஏறக்குறைய 50 குதிரைத்திறன்! பிறகு ஜப்பானின் இசுஸு 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் வந்ததும்தான் கான்டெஸாவுக்கு நிஜமான ஓட்டம் வந்தது. 2002-ல் தயாரிப்பு நின்றுபோனது.

மஸில் கார்களுக்குப் பிள்ளையார் சுழி என்று சொல்லப்படும் 1964 போன்டியாக் ஜி.டி.ஓ-வில் இருந்தது 6.4 லிட்டர் வி8 இன்ஜின். எட்டு சிலிண்டர்கள், 325 குதிரைத்திறன். கான்டெஸாவில் நான்கே சிலிண்டர்கள். இங்கேதான் தம்பியின் கனவுக்கு முதல் அடி விழுந்தது.

இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றிக்கொண்டு சும்மா நிற்கும்போது, நான்கு சிலிண்டர் வண்டியில் 1,600 முறை வெடிப்பு நடக்கும். எல்லாம் ஒரே சீரான இடைவெளியில். எட்டு சிலிண்டர் வண்டியில் அது 3,200 முறை. அதோடு, அமெரிக்க வி8 இன்ஜினின் ஒவ்வொரு பக்கத்துக் குழாயிலும் அந்த வெடிப்புகள் சீரற்ற இடைவெளியில் வரும். ‘குடு... குடுகுடு... குடு’ என்று அது உறுமுவதற்கு அந்தத் தாளப் பிசகுதான் காரணம். கட் அவுட் போட்டால் சத்தம் பெரிதாகுமே தவிர, நாலு சிலிண்டர் எட்டாகிவிடாது.

பட்டறையில் நடந்தது

கும்பகோணம் சாலைப் பக்கம் இருக்கும் அந்தப் பட்டறையின் மெக்கானிக்குக் கான்டெஸா என்றால் தனிப் பிரியம். தம்பி விஷயத்தைச் சொன்னதும் அவர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. வண்டியை மேடையில் ஏற்றி, மேனிஃபோல்டுக்குக் கீழே இருக்கும் குழாயின் இணைப்பைக் கழற்றினார்.

“ஸ்டார்ட் பண்ணு தம்பி. கேட்டுட்டு அப்புறம் சொல்லு.”

தம்பி சாவியைத் திருப்பினான். பட்டறைக்குள் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்தபோது தகரக் கூரை அதிர்ந்தது. எதிர்ப்பார்த்த உறுமல் வரவில்லை. டிராக்டரும் தண்ணீர் இறைக்கும் டீசல் மோட்டாரும் சேர்ந்து கத்தியதுபோல ஒரு கரகரப்பு. காலை எடுத்ததும் ‘பட் பட்’ என்று பின்வெடிச் சத்தம். இரண்டு நிமிடத்தில் எனக்குக் கண் எரிந்தது.

மெக்கானிக் இன்ஜினை அணைத்துவிட்டு, காரின் அடியில் டார்ச் அடித்துக் காட்டினார். அதன் பிறகு அவர் சொன்னவற்றை வரிசைப்படுத்திக்கொண்டேன்.

முதல் விஷயம், இடம். கிளைக் குழாய் எந்தப் பக்கம் திரும்பினாலும் பெட்ரோல் குழாய், பிரேக் ஆயில் குழாய், ஒயர்கள், கியர் பாக்ஸைத் தாங்கும் ரப்பர் இவற்றில் ஏதாவது ஒன்றைச் சூடு தாக்கும். பல நூறு டிகிரி வெப்பத்தில் வரும் புகை அது. 30 வருட ரப்பர் அதைத் தாங்காது.

இரண்டாவது, கார்புரேட்டர். பழைய வண்டியில் பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவு, அந்தக் குழாயும் சைலன்ஸரும் தரும் தடையைக் கணக்கில் வைத்து அமைக்கப்பட்டது. தடையை எடுத்தால் அந்தக் கணக்கு மாறும். ஜெட் மாற்றி, டியூன் செய்யாமல் விட்டால் இழுவை கூடுவதற்குப் பதில் இடையிடையே திணறும். மற்ற எதையும் மாற்றாத இன்ஜினில் கட் அவுட்டால் கிடைக்கும் பவர், காதுக்குத்தான் தெரியும், சக்கரத்துக்குத் தெரியாது.

மூன்றாவதுதான் முக்கியம். கார்பன் மோனாக்ஸைடு. நிறமும் வாசனையும் இல்லாத நச்சு வாயு இது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, மயக்கம், பிறகு உயிருக்கே ஆபத்து. புகை காருக்குப் பின்னால் போய் வெளியேறும்படி குழாயை நீளமாக வைத்திருப்பதே இதற்காகவும்தான். கட் அவுட், புகையை நாம் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேர் கீழே விடுகிறது. பழைய காரின் தரைத் தகட்டில் துரு ஓட்டைகள் இருக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏ.சி-யைப் போட்டு, சிக்னலிலோ ரயில்வே கேட்டிலோ நின்றால் என்ன ஆகும்? மூடியிருக்கும் கட் அவுட்டும் நாளடைவில் கேஸ்கட் தேய்ந்து கசியும்.

நான்காவது, நம் டெல்டாவுக்கே உரிய ஆபத்து. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் கிராமத்துச் சாலைகளில் நெல் காயும், வைக்கோல் கிடக்கும். அந்த வைக்கோல்மேல் வண்டியை ஏற்றிக்கொண்டுதான் போகிறோம். தரையை நோக்கித் திறந்த குழாயிலிருந்து சூடான புகையும், பின்வெடிக்கும்போது தீப்பொறியும் காய்ந்த வைக்கோலில் விழுந்தால்? காரும் போகும், ஒரு விவசாயியின் ஆறு மாத உழைப்பும் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பட்டறையிலிருந்து திரும்பியதும் சட்டத்தைத் தேடிப் படித்தேன். ஆச்சர்யம், 1989-ல் வந்த சாலை விதிமுறைகளிலேயே கட் அவுட் பற்றிய வரி இருக்கிறது. சைலன்ஸர் வழியாக இல்லாமல் புகையை வேறு வழியில் வெளியேற்றும் கட் அவுட்டை ஓட்டுநர் பயன்படுத்தக் கூடாது என்று அப்போதே சொல்லியிருக்கிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதி 120, எல்லா வண்டிக்கும் சைலன்ஸரைக் கட்டாயமாக்குகிறது.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பிரிவு 190(2)-ன்படி, ஒலி மற்றும் காற்று மாசு அளவை மீறி ஓட்டினால் முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். லைசென்ஸும் 3 மாதத்துக்குச் செல்லாது.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். 15 ஆண்டுகள் முடிந்த சொந்த வண்டிக்கு ஒவ்வொரு 5 ஆண்டுக்கும் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அதற்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதியலாமே என்றால், அதற்கு வண்டிக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும். முதல் கான்டெஸாவுக்கே இன்னும் அந்த வயது வரவில்லை. சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேள்வி கேட்கவும் இடம் கொடுக்கும்.

பைக் ஓட்டும் தம்பிகளுக்கும் இதே சட்டம்தான். 80-லிருந்து 175 சி.சி. வரையிலான புது பைக்குகளுக்கு 77 டெசிபல், அதற்கு மேல் 80 டெசிபல் என்று தயாரிப்பிலேயே வரம்பு உண்டு. பழைய புல்லட்டின் சைலன்ஸருக்குள் இருக்கும் தடுப்பை உருவி எடுப்பதும் கட் அவுட்டின் ஒன்றுவிட்ட தம்பிதான். ஆர்.எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டியில் இது சுத்த நஷ்டம். அதன் சைலன்ஸரின் வயிறு பருத்திருப்பது அழகுக்காக இல்லை. வெளியே நழுவும் புதுப் பெட்ரோல் கலவையை அழுத்த அலையால் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுவது அந்த வடிவம்தான். அதைக் கெடுத்தால் சத்தம் ஏறும், இழுவை இறங்கும்.

சத்தத்தின் மறுபக்கம்

டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் இல்லை. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு, காதுக்குச் சுமார் இரண்டு மடங்கு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல்தான் அனுமதி. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். திறந்த குழாய் பக்கத்தில் நிற்பவருக்கு 100 டெசிபலை எளிதாகத் தாண்டும். அந்த அளவு சத்தத்தை ஒரு நாளைக்கு 15 நிமிடத்துக்கு மேல் கேட்டால் காதுக்குப் பாதிப்பு என்கிறது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனத்தின் பரிந்துரை.

இந்த எண்களை எல்லாம் அன்று சாயங்காலம் தம்பியிடம் படித்துக் காட்டினேன். அவன் பெரிதாக அசையவில்லை. அவனை அசைத்தது வேறு.

எங்கள் அப்பாயிக்கு 82 வயது. திண்ணையை ஒட்டிய அறையில் படுத்திருப்பார். கண் பார்வை மங்கல். இரவு சித்தப்பா கடையை மூடிவிட்டு வரும்போது, தெருமுனையில் கான்டெஸா திரும்பும் சத்தத்தை வைத்தே, “அப்பன் வந்துட்டான், கதவைத் தொற” என்று குரல் கொடுப்பார். அன்றும் கொடுத்தார். நாங்கள் இருவரும் கதவைத் திறக்கப் போனோம். தம்பி வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றான்.

மறுநாள் அவனே பட்டறைக்குப் போனான். கட் அவுட்டுக்காகச் சேர்த்த பணத்தில் மேனிஃபோல்டு கேஸ்கட்டை மாற்றினான். துருப்பிடித்த சைலன்ஸரைக் கழற்றிவிட்டு, அதே அளவில் புதிதாக ஒன்றைப் போட்டான். கார்புரேட்டரைச் சுத்தம் செய்து டியூன் பண்ணினார்கள். இப்போது கான்டெஸா முன்பைவிட மென்மையாக, கொஞ்சம் கனத்த குரலில் ஓடுகிறது.

ஆசை முழுதாக விடவில்லை. “இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல ஒருநாள் பந்தயம் பார்க்கணும்க்கா” என்கிறான். கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறேன். திறந்த குழாய் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தட்டும், அது கத்த வேண்டிய இடம் அதுதான்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு...

* சத்தம் திடீரென்று கூடினால் ரசிக்காதீர்கள். கேஸ்கட்டோ சைலன்ஸரோ ஓட்டை ஆகியிருக்கலாம்.
* காருக்குள் புகை வாசனை வந்தாலோ, பயணத்தில் எல்லோருக்கும் சேர்ந்து தலைவலி வந்தாலோ உடனே கண்ணாடியை இறக்கி, வண்டியை ஓரங்கட்டி, வெளியே இறங்குங்கள்.
* மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டு வேலை பார்க்காதீர்கள்.
* வைக்கோல் பரப்பிய இடத்தில் சூடான வண்டியை நிறுத்தாதீர்கள்.
* எந்த மாற்றம் செய்யும் முன்பும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.