உங்களுக்குத் தெரியுமா? – மலைக்குள் ஓடும் தண்ணீர்

வெல்லவாய பக்கம் ரந்தெனியவில் மலையின் வயிற்றுக்குள் குடைந்த மண்டபத்தில் 120 மெகாவாட் மின்நிலையம் ஒன்று இயங்குகிறது. டயரபாவில் தேக்கிய உமா ஓயாத் தண்ணீர் 15 கிலோமீட்டர் சுரங்கத்தில் வந்து, 600 மீட்டருக்கு மேற்பட்ட செங்குத்துக் குழாயில் இறங்கிச் சுழலிகளைச் சுற்றுகிறது. திறப்பு விழா நடந்தது 2024 ஏப்ரல் 24இல்.

ஒரு கனமீட்டர் பாறை ஏறக்குறைய 2.7 தொன் கனம். 600 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 1,600 தொன் அமுக்குகிறது. ஆனாலும் சுரங்கம் குடைபவர்கள் அதிகம் அஞ்சுவது பாறையில் ஓடும் வெடிப்புகளுக்குத்தான்.

2014 டிசம்பரில் அந்த அச்சம் உண்மையானது. குடையும் இயந்திரம் நீர் நிறைந்த வெடிப்புகளைத் தொட்டதும் சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டது. மேலே பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் பிளந்தன. காரணம் இதுதான்: நம் மலைப்பாறைக்குள் தண்ணீர் தங்குவது வெடிப்புகளில்தான். சுரங்கம் அதற்கு வடிகால் ஆகிவிட்டால் ஊற்று வறளும். நீர் தாங்கி நின்ற மண்ணும் அமுங்கும். பீலித் தண்ணீரை நம்பியே லயங்கள் வாழும் மலை இது. எந்தச் சுரங்கமானாலும் வெட்டத் தொடங்கும் முன்பே கிணறு கிணறாக, பீலி பீலியாக நீர்மட்டத்தை அளந்து பதிந்திருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கு நட்டஈடு கேட்கும்போது கையில் இருக்கும் சாட்சி அந்தப் பதிவுதான்.

பாறை எவ்வளவு ஒழுகும் என்று முன்கூட்டியே பார்க்கலாம். துளையிட்டு, அதன் ஒரு பகுதியை அடைத்து, வளிமண்டலத்தைப்போல் 10 மடங்கு அழுத்தத்தில் தண்ணீர் செலுத்துவார்கள். மீட்டருக்கு நிமிடம் ஒரு லீற்றர் உறிஞ்சினால் அது 1 லூஜான். சுவிட்சர்லாந்துப் புவியியலாளர் மொரிஸ் லூஜான் 1933இல் தந்த முறை. அளவு கூடினால், குடைவதற்கு முன்பே சீமெந்துக் குழம்பைச் செலுத்தி வெடிப்பை அடைப்பார்கள்.

பாறையின் இத்தகைய குணங்களை ஆராயும் இந்தியாவின் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988இல் தொடங்கியது கோலார் தங்கவயலில். தமிழ்த் தொழிலாளர்கள் 3 கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கிய சுரங்கங்கள் அவை. அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறி அங்கே பலர் உயிரிழந்தார்கள்.

பாறையைப் பற்றிப் படிக்க ஆசையா? பதுளையிலேயே, ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கனிய வளத் தொழில்நுட்பத்துக்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் விண்ணப்பம் நிரப்பும்போது அதையும் பார்த்து வையுங்கள்.