பாலர் வகுப்பின் புதிய மூலைகள்

நம் பள்ளியின் பாலர் வகுப்பில் இவ்வாண்டு மணல் மூலை, நீர்த்தொட்டி, கட்டை மூலை, வீட்டு மூலை, நூல் மூலை என ஐந்து புதிய கற்றல் இடங்கள் திறக்கப்பட்டுள்ளன. திறப்பு நாளன்று வந்திருந்த பெற்றோர் சிலர், "பிள்ளையை எழுதப் படிக்க அனுப்புகிறோமா, மண்ணில் விளையாட அனுப்புகிறோமா?" என்று வினவினர். நியாயமான வினாவே அது. விடியுமுன் வேலைக்குச் சென்று சோர்ந்து வீடு திரும்பும் பெற்றோர், தம் பிள்ளை முதலாம் ஆண்டில் பின்தங்கிவிடக் கூடாதென்று அஞ்சுவது இயல்பு. அவ்வச்சத்திற்கு விடை கூறவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

தோட்டப்புறத்தில் வளர்ந்த மூத்தோர்க்கு ஆயாக் கொட்டகை நினைவிருக்கும். தாயும் தந்தையும் பால்மரம் வெட்டச் சென்ற வேளையில், ஓர் அம்மையார் பொறுப்பில் கைக்குழந்தைகள் சேலைத் தொட்டிலில் உறங்குவர். நடக்கத் தெரிந்தவர்கள் தரையில் அமர்ந்திருப்பர். அக்கொட்டகை நம் பிள்ளைகளைக் காத்தது. அதனைக் குறைத்துக் கூறுதல் நன்றியன்று. எனினும் காத்தலே அதன் வேலை, கற்பித்தல் அன்று. மலேசியாவில் பாலர் கல்வி தேசியக் கல்வி முறையின் ஒரு பகுதியானது 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தினால்தான்.

ஏறக்குறைய நம் தோட்டத்து நிலையிலேயே இருந்த வேறொரு மக்களின் வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. இத்தாலியின் ரோம் நகரில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு. பெற்றோர் வேலைக்குச் சென்றபின், பள்ளி வயதை எட்டாத சிறுவர் மாடிப்படிகளில் ஓடித் திரிந்து சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினர். கட்டடத்திற்கு உரிமையானவர்கள், அவர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மரியா மாண்டிசோரி என்னும் பெண் மருத்துவரிடம் ஒப்படைத்தனர். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் அவ்வறை திறக்கப்பட்டது.

அம்மையார் குழந்தைகளின் உயரத்திற்கேற்பச் சிறு மேசை நாற்காலிகளைச் செய்வித்தார். கருவிகள் முதலில் பூட்டிய அலமாரியில் இருந்தன. ஒருநாள் அலமாரி பூட்டப்படாதிருக்க, ஆசிரியை வருமுன்னரே குழந்தைகள் தமக்கு வேண்டியதைத் தாமே எடுத்து வேலை செய்துகொண்டிருந்தனர். ஆசிரியை அதனைத் திருட்டு என்றார். அம்மையாரோ, எதனை எடுக்க வேண்டுமெனத் தெரிந்தெடுக்கும் அறிவு அது என்று கண்டு, கைக்கெட்டும் தாழ்ந்த அலமாரிகளை வைத்தார். நம் புதிய அறையில் அடுக்குகள் இடுப்பளவில் இருப்பது இக்காரணத்தாலேயே. மரம் போதாமையால் அன்று.

அங்கும் தாய்மார் சிலர் வந்து, "எங்கள் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுத் தாருங்கள்" என்று வேண்டினர். அவர்கள் எழுத்தறியாதவர்கள். அம்மையார் முதலில் தயங்கினார். பின்னர் உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டி, குழந்தைகள் விரலால் தடவிப் பழகச் செய்தார். சில திங்களில் அவர்கள் தாமாகவே எழுதத் தொடங்கினர். அதற்குமுன் அவர்கள் செய்த கை வேலைகள் யாவும் அந்த எழுத்திற்கான ஆயத்தமாக இருந்தன. இதே மாண்டிசோரி அம்மையார் 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார்.

விரலால் எழுதுவது நமக்குப் புதிதன்று. நம் முன்னோர் திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதியே அரிச்சுவடி கற்றனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரு பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தி, பின் இங்கிலாந்துக்கும் கொண்டு சென்றார். ஆகவே மணல் மூலையைக் கண்டு முகம் சுளிப்போர், அது நம்மிடமிருந்து போய் நம்மிடமே திரும்பியது என்று அறிக. பென்சிலைப் பிடிக்க விரல்களுக்கு வலிமை வேண்டும். மணலை அள்ளி, பிசைந்து, சல்லடையில் சலிக்கும் கை அவ்வலிமையைப் பெறுகிறது. நான்கு வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்து அழவைத்தால் எழுத்து வரும்; அதனுடன் எழுத்தின்மேல் வெறுப்பும் வரும்.

கட்டை மூலையில் இருப்பவை வெறும் மரத்துண்டுகள் அல்ல. 1914ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஒரு விளையாட்டுப் பள்ளியைத் தொடங்கிய கரோலின் பிராட் என்னும் ஆசிரியை வகுத்த அளவின்படி, கட்டையின் நீளம் அகலத்தில் இருமடங்கு. அகலம் கனத்தில் இருமடங்கு. அரைக்கட்டை இரண்டு சேர்ந்தால் ஒரு கட்டை. நான்கு முழுக்கட்டைகளின் நீளமுடைய பெருங்கட்டையும் உண்டு. பாலம் கட்டும் சிறுவனுக்கு ஒரு நீண்ட கட்டை கிடைக்காதபோது இரண்டு குறுங்கட்டைகளை வைத்து ஒப்பேற்றுகிறான். பின்னம் என்னும் சொல்லை அவன் கேள்விப்படும் முன்னரே பின்னத்தைக் கையால் அறிந்துவிடுகிறான்.

நீர்த்தொட்டியில் ஒரு சோதனையை வீட்டிலும் செய்து பார்க்கலாம். அகன்ற கிண்ணத்து நீரை உயர்ந்த குவளையில் ஊற்றினால், ஐந்து வயதுக் குழந்தை நீர் கூடிவிட்டதென்றே பெரும்பாலும் சொல்லும். சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே இதனை ஆராய்ந்து காட்டினார். நாம் திருத்திச் சொல்வதால் மட்டும் இது மாறாது; பலமுறை ஊற்றிப் பார்த்தே தெளிகிறது. வீட்டு மூலையில் கடைக்காரராகவும் தாயாகவும் நடிக்கும் பிள்ளை முழு வாக்கியங்களில் பேசப் பழகுகிறது. நூல் மூலையைப் பற்றி விளக்கத் தேவையில்லை.

எழுத்துப் பயிற்சி கைவிடப்படவில்லை. அதற்குரிய நேரம் தனியே உண்டு; அது முன்னைவிடக் குறைவு, அவ்வளவே.

1945ஆம் ஆண்டில் போர் முடிந்ததும், வட இத்தாலியில் ரெஜியோ எமிலியாவை அடுத்த வில்லா செல்லா என்னும் சிற்றூரார், போரில் கைவிடப்பட்ட ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்ற பணத்தில், இடிந்த வீடுகளின் செங்கற்களைக்கொண்டு தம் குழந்தைகளுக்குப் பள்ளி கட்டினர். அவர்களும் உழைத்துண்ணும் மக்களே. நாம் பெற்றோரிடம் கேட்பது அத்துணைப் பெரிதன்று. பழைய சேலை, கூர்மையில்லாத பால் டின், மூடியுள்ள புட்டி, இழைத்த மரத்துண்டு இவற்றுள் இயன்றதைக் கழுவிக் கொடுத்தனுப்புங்கள். ஆசிரியையின் பார்வையில் எண்ணிப் பழகப் புளியங்கொட்டையும் வேண்டும். ரப்பர்க் கொட்டை மட்டும் வேண்டா. அதனைப் பச்சையாகக் கடித்தால் நஞ்சு.