‘லைன் இல்லை’ என்றால் உங்கள் பணம் எங்கே? மீமிசல் அஞ்சலகமும் மும்பை சர்வரும்

“லைன் இல்லீங்க, கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க.” மீமிசல் போன்ற கடலோர ஊர்களில் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன பதில் இது. கையில் பாஸ்புக் இருக்கிறது, கணக்கில் பணம் இருக்கிறது, கவுன்ட்டரில் ஊழியரும் இருக்கிறார். பிறகு ஏன் பணம் தர முடியவில்லை?

முன்பு எப்படி இருந்தது?

அஞ்சலகங்களில் முன்பு ‘சஞ்சய் போஸ்ட்’ என்ற மென்பொருள் இருந்தது. அந்தந்த அலுவலகத்தின் கணக்குகள் அங்கேயே இருந்த சிறிய சர்வரில் பதிவாகும். வெளித்தொடர்பு போனாலும் வேலை நடக்கும். ஆனால் மீமிசலில் கணக்கு வைத்திருப்பவர் சென்னையில் பணம் எடுக்க முடியாது.

என்ன மாறியது?

2013 டிசம்பரில் சென்னை கிரீம்ஸ் சாலை அஞ்சலகத்தில் ‘கோர் பேங்கிங்’ தொடங்கியது. பிறகு நாடு முழுவதும் பரவியது. இன்ஃபோசிஸின் ‘ஃபினாக்கிள்’ மென்பொருள்தான் இதன் அடிப்படை. கணக்குகள் நவி மும்பை தரவு மையத்துக்குப் போயின. அங்கே பேரிடர் வந்தால் கைகொடுக்க மைசூரில் மாற்று மையம் அமைக்கப்பட்டது. ஒரு காலத்தில் ‘மெயின்ஃபிரேம்’ எனும் பெரிய கணினி செய்த வேலையை, இப்போது இத்தகைய மையங்களில் அடுக்கடுக்காக இருக்கும் சர்வர்கள் செய்கின்றன.

உள்ளூரில் ஒரு நகல் வைத்தால் என்ன?

கணவன், மனைவி பெயரில் ஒரு கூட்டுக் கணக்கு. இருப்பு 5,000 ரூபாய். லைன் இல்லாத நேரத்தில் உள்ளூர் நகலைப் பார்த்து மீமிசலில் மனைவிக்கு 5,000 ரூபாய் தருகிறார்கள். அதே நேரத்தில் சென்னை ஏடிஎம்மில் கணவர் 5,000 எடுக்கிறார். இல்லாத 5,000 ரூபாய் வெளியே போய்விடும். அதனால்தான் இருப்பு எவ்வளவு என்று சொல்லும் அதிகாரம் மையத்துக்கு மட்டும்.

பாதியில் லைன் போனால்?

கவுன்ட்டரிலிருந்து போகும் கோரிக்கை மையத்தை எட்டவே இல்லை என்றால், கணக்கில் எதுவும் மாறாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மையம் பணத்தைக் கழித்துவிட்டது. ‘முடிந்தது’ என்ற பதில் திரும்பி வரும்போது லைன் அறுந்துவிட்டது. கவுன்ட்டர் திரையைப் பார்த்தால் வேலை நடக்காததுபோல் தெரியும். அவசரப்பட்டு மறுபடி பதிந்தால் இரண்டு முறை கழிந்துவிடலாம். எனவே லைன் வந்ததும் முந்தைய பரிவர்த்தனை பதிவானதா என்று பார்த்துவிட்டே அடுத்ததைத் தொட வேண்டும்.

மாற்றுப் பாதை உண்டா?

தரைவழிக் கேபிள் அறுந்தால் மொபைல் சிக்னல் அல்லது செயற்கைக்கோள் வழியாக இணைக்க முடியும். ஆனால் 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்திலும் மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டது. மின்சாரம் இல்லையென்றால் கேபிளும் செல்போன் கோபுரமும் சேர்ந்தே படுத்துவிடும். இரண்டு பாதைகள் இருந்தால் மட்டும் போதாது. பேட்டரி, ஜெனரேட்டர் வசதியும் வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

பணம் எடுக்கும்போது லைன் போனால், முதல் படிவத்தின் கதி தெரியாமல் இரண்டாவது படிவம் எழுதித் தராதீர்கள். “முதல்ல போட்டது பதிவாயிருக்கான்னு பாருங்க” என்று கேளுங்கள். லைன் வந்ததும் பாஸ்புக்கில் வரவு செலவைப் பதியச் சொல்லி, இருப்பைச் சரிபாருங்கள். லைன் இல்லாவிட்டாலும் பணம் எங்கும் போகவில்லை; அது பத்திரமாக இருப்பதை உறுதிசெய்யும் பதில்தான் வந்து சேரவில்லை.