ஏரி மேல் ஒரு மூலக்கூறு கனத்தில் போர்வை

சீட்டைல் ஆல்கஹால் வெள்ளை மெழுகுச் செதில். சாராயமும் இதுவும் ஒரே வேதிக் குடும்பம் என்றாலும் குணம் வேறு. இது போதை தராது, நீரில் கரையாது, 49 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் உருகும். தாம்பரம் மருந்துக் கடையில் வாங்கும் சரும கிரீம் குழகுழவென்று கெட்டியாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1817-ல் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரோல் திமிங்கில மெழுகிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். இன்று பாமாயில்தான் முக்கிய மூலம்.

மே 4-ல் கத்திரி வெயில் தொடங்குவதற்குள் செம்பரம்பாக்கம் ஏரியில் இதைத் தூவி நீரை ஆவியாகாமல் காக்கலாமா என்ற கேள்வியும், அதே நோக்கில் 2017 ஏப்ரலில் வைகை அணையில் விட்ட தெர்மாகோலும் இதுவும் ஒன்றா என்ற குழப்பமும் சேர்ந்தே வருகின்றன. இரண்டும் ஒன்றல்ல. தெர்மாகோல் மிதக்கும் அட்டை. அதைக் காற்று கரைக்கு ஒதுக்கிவிட்டது. சீட்டைல் ஆல்கஹாலோ நீர்மேல் பரவும், கண்ணுக்கே தெரியாத படலம்.

அதன் மூலக்கூறின் தலை நீரை நாடும். 16 கார்பன் கொண்ட வால் நீரை வெறுக்கும். அதனால் தலையை நீரில் ஊன்றி, வாலை மேலே நீட்டி, நாற்றங்கால் நாற்றுப்போல் அவை நெருங்கி நிற்கின்றன. அந்த நெருக்கத்தில் நீராவி நுழைந்து வெளியேறுவது கடினம். கணக்குப்படி ஒரு சதுர கிலோமீட்டரை மூட சுமார் 2 கிலோ போதும். அந்தப் பரப்பில் நீர்மட்டம் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் போவது 10 லட்சம் லிட்டர்.

சிக்கல் காற்றில் இருக்கிறது. வெயில் உச்சத்தில் இருக்கும் பிற்பகலில்தான் கடற்காற்று கிழக்கிலிருந்து புறநகருக்குள் நுழைகிறது. அது படலத்தைக் கிழித்து மேற்குக் கரையில் ஒதுக்கும். காப்பு அதிகம் தேவைப்படும் நேரத்தில் காப்பு இல்லை. ஆவியாதலே நீரைக் குளிர்விக்கிறது; அதைத் தடுத்தால் நீர் சூடேறும். படலம் விலகியதும் அந்தச் சூட்டில் ஆவியாதல் கூடி, மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு போய்விடும்.

எனவே இத்தகைய சோதனைகளின் அறிக்கைகளில் வரும் ‘சேமித்த நீர்’ என்ற சொல்லை நிதானமாகப் படிக்க வேண்டும். அது அளந்த நீர் அல்ல. வரத்து, வெளியேற்றம், கசிவு எல்லாம் கழித்துக் கணக்கிட்ட நீர். ஆய்வகத் தொட்டியில் ஆவியாதல் பாதிக்கு மேல் குறையலாம். அமெரிக்காவின் ஹெஃப்னர் ஏரியில் 1958-ல் நடந்த பெரிய சோதனையில் கிடைத்தது சுமார் 9 சதவீதமே.

மீன்களுக்கு? ஆக்சிஜன் பெரும்பாலும் படலத்தைக் கடந்து இறங்கிவிடும்.

ஒருமுறை தூவினால் போதுமா? போதாது, காற்று கலைக்கும், நுண்ணுயிர்கள் தின்னும்.

கழிவுநீர் கலக்கும் சிற்றேரிகளில்? சோப்புக் கழிவு மேற்பரப்பை முன்பே பிடித்துக்கொண்டிருக்கும். அங்கே முதல் வேலை கழிவை நிறுத்துவது.